எங்கிருந்தாலும் மைக் அருகே வரவும்

1

இந்தக் கதை கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் டீக்கடை தேடித் தெரு மாறிப் போனபோது, ஒரு மாடிப்படியோரம் ‘ஒலிபெருக்கி அருங்காட்சியகம், அனுமதி இலவசம்’ என்று பலகை இருந்தது. ஏறிப் பார்த்தேன். உள்ளே ஈ, காக்கைகூட இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் அபிநயா என்று ஒருத்தியை அனுப்புகிறேன்.

2

‘மலைமேல் மேகங்கள் தவழ்ந்து’ (வேண்டாம். மலையைப் பார்க்கும் மனநிலையில் அவள் இல்லை.)

‘அபிநயா ஊர் சுற்றிப் பார்க்க வந்தாள்.’ இது பொய். சென்னை பஸ்ஸில் வந்தவள் கீழ்பென்னாத்தூரில் இறங்கி அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். தானே மாப்பிள்ளை தேடிக் கல்யாணம் முடித்ததிலிருந்து அப்பா சக்கரவர்த்தி அவளோடு பேசுவதில்லை. ஊர் வந்தது, பயம் வந்தது, இறங்கவில்லை. திருவண்ணாமலையில் இறங்கிக் கால் போன போக்கில் நடந்தவள், அந்தப் பலகையைப் பார்த்து மாடி ஏறினாள்.

3

உள்ளே சுவர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள், நடுவே ஒரு பழைய மைக். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் அப்பாசாமி, இன்றும் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிறவர்.

“சும்மா பாத்துட்டுப் போனா எப்டிங்க? யாரையாவது கூப்பிடுங்க. வர்றவங்க எல்லாரும் கூப்பிடுவாங்க.”

(இங்கே அவர் ஒரு தத்துவம் சொன்னார். அடித்துவிட்டேன்.)

சின்ன வயதில் இதே ஊரில் கார்த்திகை தீபத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தபோது, இப்படி ஒரு மைக்தான் அவளுக்காக அப்பாவைக் கூப்பிட்டது. செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார். அந்த வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம்.

“கீழ்பென்னாத்தூர் சக்கரவர்த்தி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே மைக் அருகே வரவும். மஞ்சள் கவுன்... நீல நிறச் சுடிதார் அணிந்த உங்கள் மகள் அபிநயா இங்கே அழுதுகொண்டிருக்கிறாள்.”

சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.

அப்பாசாமி தலையில் கைவைத்தார். “ஐயய்யோ, மொட்டமாடி குழாய்க்கும் லைன் போவுதும்மா! காலைல டெஸ்ட் பண்ணிட்டுப் புடுங்க மறந்துட்டேன்.”

4

தெருவில் யாரும் கவனிக்கவில்லை என்று முடிக்கலாம். நடக்காது. கீழ்பென்னாத்தூர்க்காரர் இல்லாத கடைத்தெரு இந்த ஊரில் கிடையாது.

அப்பா ஆட்டோவில் வந்து இறங்கி, கண்கலங்கி (சினிமா.)

இதுவரைதான் எனக்குத் தெரியும்: கொஞ்ச நேரத்தில் அபிநயாவின் போன் அடித்தது. திரையில் ‘அப்பா’. எடுத்தாள்.

“எங்க இருக்க?”

கோபமாகவும் எழுதிப் பார்த்தேன், பதறியும் எழுதிப் பார்த்தேன். தாளில் இரண்டும் ஒரே எழுத்துகள்தான். நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், உங்கள் அப்பாவின் குரலில்.