பின்பக்கத்திலிருந்து இடது

சோதனையின் பத்தாம் நாள் காலை புழுக்கம் அண்ணன் வெளியே எடுத்து நீட்டிய எட்டுக் கண்ணாடிச் சில்லுகளில் நான்கில் என் முகம் தெரிந்தது. மற்ற நான்கில் அவர் முகம் தெரிந்தது. என் முகம் தெரிந்தவை பிழைத்த கண்ணாடிகள், அவர் முகம் தெரிந்தவை செத்த கண்ணாடிகள். இரண்டு முகங்களுக்கும் அழகில் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதால் எனக்கு உடனே உறைக்கவில்லை. லேபிளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. செத்த நான்கிலும் நீல லேபிள்.

"நீலம் நம்ம மேடமோடதுல்ல?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"அப்ப அவங்க மூணு வருஷ உழைப்பும் புஸ்ஸுன்னு போச்சா?"

நான் ஒரு சில்லைத் திருப்பி லேபிளை மறுபடி பார்த்தேன்.

நாங்கள் ஸ்க்ரீன் செய்கிறவர்கள். கைக்கடிகாரத்துக்கும் போனுக்கும் போகிற, தாளைவிட மெல்லிய ஸ்க்ரீன். தானே ஒளிவிடுகிற ஜாதி அது. ஆனால் நம்மை உயிரோடு வைத்திருக்கும் ஆக்சிஜனும் ஈரமும் அதற்கு ஆகவே ஆகாது. எங்காவது ஒரு இம்மி ஈரம் உள்ளே புகுந்தால் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வரும். நாளுக்கு நாள் பரவி, வெள்ளைச் சட்டையில் மை கொட்டின கதையாகிவிடும். அதனால் மேலே ஒரு காப்புப் பூச்சு. கண்ணுக்கே தெரியாத பூச்சு. அது தாங்குமா என்று பார்க்க, கண்ணாடிச் சில்லில் கால்சியத்தை மெல்லிசாகப் படியவைத்து அதன்மேல் பூச்சைப் போடுவார்கள். கால்சியம் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும். பூச்சைத் தாண்டி ஈரம் வந்தால் பளபளப்பு போய், வெறும் ஜன்னலாகிவிடும். இப்படிப் பூசிய சில்லுகளை எண்பத்தைந்து டிகிரிச் சூட்டிலும் எண்பத்தைந்து சதவீத ஈரத்திலும் ஒரு இரும்பு அலமாரிக்குள் வேகவைப்பது அண்ணனின் வேலை. பன்னிரண்டு வருடமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவரும் பாதி வெந்தவர். புழுக்கம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

என் வேலை, கை. ஆமாம், அவ்வளவுதான். நைட்ரஜன் நிரப்பிய ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதன் சுவரில் துளைகள், துளைகளில் தோள்வரை நீளும் கறுப்பு ரப்பர் கையுறைகள். நான் வெளியே நின்று கையை மட்டும் உள்ளே அனுப்புவேன். தலைக்கு அங்கே அனுமதி இல்லை, தேவையும் இல்லை என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். உள்ளே ஈரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. காகிதம் போகக் கூடாது, ஏனென்றால் காகிதம் ஈரத்தை மடியில் கட்டிக்கொண்டு வரும். கீறி அடையாளம் வைக்கவும் கூடாது, தூள் பறக்கும். போன வருஷம் ஞாபகத்துக்காக ஒரு துண்டுச் சீட்டை உள்ளே எடுத்துப்போனேன். சென்சாரில் எண் ஒன்றிலிருந்து பதினான்குக்குத் தாவியது. மேலிருந்து எனக்கொரு மெமோ தாவி வந்தது. இன்னொரு மெமோ வந்தால் பெட்டியை விட்டு அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். அன்றைக்கு, மூன்று வருடமாக ஒரு காப்புப் பூச்சை உருவாக்கிவரும் பொறியாளர் மேடம்தான், "விதியை எழுதி ஒட்டாதது என் தப்பு" என்று பாதிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஆகவே பெட்டிக்குள் எதில் எது என்பதற்கு ஒரே அடையாளம் இடம்தான். தட்டின் கைப்பிடி எப்போதும் பெட்டியின் முன்பக்கம் பார்த்திருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது பாதியில் மேடத்தின் பூச்சு போட்ட நான்கு. வலது பாதியில் மாடிக்காரரின் பூச்சு போட்ட நான்கு. மாடிக்காரர் என்பவர் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பொறியாளர். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. தட்டு பக்கவாட்டுக் குழாய் வழியாக வெளியே போகும். அங்கே அண்ணன் அதை வாங்கி, இடதுக்கு நீலம், வலதுக்குச் சிவப்பு என்று லேபிள் ஒட்டுவார். ஒரு குழந்தைகூடச் செய்யும். குழந்தையிடம் கொடுத்திருக்கலாம்.

பதினோரு நாளைக்கு முன்பு முன்பக்க இடது கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதை அடைத்துவிட்டு, அன்று மட்டும் பெட்டியின் பின்பக்கத்தில் நின்று வேலை செய்தேன். பின்பக்கத்தில் நிற்பவனுக்கு இடது எது? அங்கேதான் ஆரம்பித்தது.

"அண்ணே, அன்னிக்கு நான் பின்னாடி நின்னேன்ல" என்றேன்.

"நின்ன. நல்லா ஞாபகம் இருக்கு."

"பின்னாடி நிக்கிறோமே, இடம் மாறுமேன்னு நெனச்சு, நானே மாத்தி வச்சேன்னு நெனக்கிறேன். என் வலது பக்கம் மேடமோடத வச்சேன்."

அண்ணன் முகத்தில் புழுக்கம் ஏறியது. "யப்பா, நீ பின்னாடி நின்னியேன்னுதான்... பழக்க தோஷத்துல இடது பக்கமே வச்சிருப்ப, நாமதான் சரிபண்ணணும்னு, நான் லேபிள மாத்தி ஒட்டினேன்."

"மாத்தினீங்களா?"

"மாத்தினேன்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா, மாத்தினீங்களா?"

"நீ மட்டும்?"

இருவரும் எட்டுச் சில்லுகளையும் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு பேரும் மாற்றியிருந்தால் தப்பு. இரண்டு பேரும் மாற்றாமல் விட்டிருந்தாலும் தப்பு. ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் சரி. நாங்கள் சரியாக இருக்க வேண்டுமென்றால் எங்களில் ஒருவன் மறதிக்காரனாக இருந்தாக வேண்டும். அதற்கு இருவருமே தகுதியானவர்கள்.

நாளை மறுநாள் காலை கூட்டம். எந்தப் பூச்சு என்று அன்று முடிவாகும். தோற்ற பூச்சின் இயந்திரத்தைக் கழற்றி இடத்தைக் காலிசெய்வார்கள். கழற்றும் ஆட்களுக்கு இப்போதே சொல்லியாகிவிட்டது. சில்லை வெட்டி, பெரிய நுண்ணோக்கியில் பார்த்தால் எது யாருடையது என்று தெரியும். வெளியே அனுப்பினால் அதற்கு ஒரு மாதம். மறுபடி சில்லுகளைப் பூசி முதலிலிருந்து சோதிக்க இருபது நாள். எங்களிடம் இருந்தது இரண்டு நாளும் இரண்டு ஓட்டை மண்டைகளும்.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டையும் எட்டு ஸ்பூன்களையும் வைத்து விளக்கினேன். அவள் இரண்டு ஸ்பூன்களை எடுத்துக் கழுவப்போட்டாள்.

"செருப்பையே இடது வலது பாத்துப் போடாத ஆளு நீங்க. உங்களப் போயி..."

"அத விடு. அன்னிக்கு வந்து ஏதாவது சொன்னேனா? யோசிச்சுப் பாரேன்."

அவள் மடிப்பதை நிறுத்தி யோசித்தாள்.

"சொன்னீங்க. 'இன்னிக்கு எல்லாத்தையும் தலைகீழா செஞ்சேன், ஆனா சரியா செஞ்சேன்'னு சொன்னீங்க. நான்கூடச் சிரிச்சேன்."

"தலைகீழான்னா, பின்னாடி நின்னதச் சொன்னேனா, மாத்தி வச்சதச் சொன்னேனா?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? வாய் உங்களோடது."

வாயும் என்னுடையது, கையும் என்னுடையது. தன் கையே தனக்குதவி என்று சொன்னவர் ரப்பர் கையுறைக்குள் கைவிட்டவராக இருக்க முடியாது. படுக்கும்வரை கண்ணை மூடி அந்த நாளை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மாற்றிவைத்தேன். பார்க்கப் பார்க்கப் படம் தெளிவாகிக்கொண்டே வந்தது. தட்டின் ஓரத்தில் விழுந்த விளக்கு வெளிச்சம்கூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு வந்த பிறகுதான் பயம் வந்தது. என் ஞாபகம் இதற்குமுன் எனக்காக இத்தனை உழைத்ததில்லை.

மறுநாள் முதல் வேலையாக மேடத்தின் அறைக்குப் போனேன். முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது. மேஜையில் சாவிக்கொத்தை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அதில் நகத்தளவு ஒரு ஸ்க்ரீன் தொங்கும். அவருடைய பூச்சைப் போட்ட முதல் ஸ்க்ரீன், சாதாரண அறைக் காற்றிலேயே ஒன்பதாம் நாள் செத்தது, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. மற்றவர்கள் பிள்ளையின் போட்டோவைக் காட்டுவதுபோல அதைக் காட்டுவார். பிறகு பதினைந்து நாள் தாங்கியது வந்தது, நாற்பது நாள் தாங்கியதும் வந்தது. சாவிக்கொத்தில் மட்டும் இதுதான்.

"மேடம், ஒரு விஷயம்."

"நல்லதா, கெட்டதா?"

"அதான் தெரியல மேடம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிடி, பின்பக்கம், அண்ணன், அவர் நினைப்பு, என் நினைப்பு. ஸ்பூன் கதையை விட்டுவிட்டேன். அவர் ஒரு தாளில் தட்டை வரைந்து, அம்புக்குறி போட்டு, அடித்து, மறுபடி போட்டார். கடைசியில் தாளையே திருப்பிப் பார்த்தார்.

"மாத்தி வச்சது ஞாபகம் இருக்கா, மாத்தி வச்சிருப்பேன்னு தோணுதா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மேடம்."

"எப்பலேருந்து ஞாபகம் இருக்கு? பதினோரு நாளாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நேத்து லேபிளப் பாத்ததுலேருந்து" என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "செவப்பு லேபிள் செத்திருந்தா, இப்படி வந்து சொல்லியிருப்பீங்களா?"

நான் என் கைகளைப் பார்த்தேன். கழுவிக்கழுவி வெளுத்த கைகள், எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாத கைகள்.

"தெரியல மேடம்" என்றேன். அந்த இரண்டு நாளில் நான் உறுதியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அவர் சாவிக்கொத்தை இன்னொரு முறை உருட்டினார். பிறகு, "லேபிள நம்ப முடியாதுன்னு எழுதிக் குடுத்தா இருபது நாள் கெடைக்கும். நீங்க கையெழுத்துப் போடணும். இது உங்களுக்கு ரெண்டாவது மெமோவா வரும்" என்றார்.

"தெரியும் மேடம். போடறேன்."

"போடுவீங்க. அது உண்மைன்னா இருபது நாள் வேணும்னு நான் கேப்பேன். எனக்காகப் போடுறீங்கன்னா வேண்டாம். தோத்தா தோத்ததுதான். பரிதாபத்தப் பூசி ஒரு ஸ்க்ரீனையும் காப்பாத்த முடியாது."

"எது உண்மைன்னு எனக்கே புரியலையே மேடம்."

"உங்களுக்குப் புரியல, சரி." அவர் எழுந்தார். "உங்க கைக்குத் தெரியுதான்னு பாப்போம். இது சோதனையே இல்ல, எதையும் நிரூபிக்காது, எனக்கே தெரியும். இருந்தாலும் வாங்க."

பெட்டிக்குள் பூசாத வெற்றுச் சில்லுகள் எட்டு கிடந்தன. பின்பக்கம் போனேன். உள்ளே அழுத்தம் கூடுதல் என்பதால் கையுறைகள் எப்போதும் வெளியே உப்பி நீட்டிக்கொண்டிருக்கும், தூக்கிக்கொள்ளச் சொல்லி நிற்கும் குழந்தை மாதிரி. அவற்றை உள்ளே தள்ளிக் கையை நுழைத்தேன். ரப்பர் வழியாகக்கூட வியர்வை கசியும் என்று சொல்வார்கள். சென்சாரில் ஈரம் கால் பங்கிலிருந்து அரைப் பங்குக்கு நகர்ந்தது. குழாயின் வாயில் புழுக்கம் அண்ணன் நின்றார், ஒரு கையில் நீல லேபிள், ஒரு கையில் சிவப்பு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"தம்பி, இந்தத் தடவ நான் மாத்தவா வேண்டாமா?" என்றார்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க."

மேடம் முன்பக்கம் வந்து நின்றார். "எதையும் யோசிக்காதீங்க. முதல் நாலு என்னோடது, அன்னிக்கு மாதிரி வைங்க."

யோசிக்காதே என்று சொன்ன பிறகு யோசிக்காமல் இருந்தவன் உலகத்தில் யார்? வீட்டு மின்கட்டணத்தை நினைத்தேன், அட்டைப்பெட்டிப் பிரிவின் கோந்து வாடையை நினைத்தேன், அன்று காலையில் எந்தச் செருப்பை எந்தக் காலில் போட்டேன் என்று நினைத்தேன். குனிந்து தட்டைப் பார்க்காமல் நேராகப் பார்த்தேன். எங்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிச் சுவர்கள். அதில் மேடத்தின் முகம் தெரிந்தது. அதன்மேல் மங்கலாக என் முகமும் தெரிந்தது. அவருடைய கண் இருக்கும் இடத்தில் என் கண். இமைத்தது யார் என்று தெரியவில்லை.

கீழே, என்னைக் கேட்காமல், வலது கை முதல் சில்லோடு நகர ஆரம்பித்தது.