வாயிற்காவலன் கேட்ட மன்னிப்பு

முரளிதரனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவு. இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு, 'தருகிறோம், ஆனால்' என்று எழுதி எழுதியே தலைமுடியில் பாதியை இழந்தவன். அந்த இழப்புக்கு எந்த பாலிசியிலும் இடமில்லை.

போன வாரம் துபாயில், அல் குசைஸ் வீட்டில் நண்பர்களுக்கு விருந்து. மனைவி பிருந்தா பாடினாள். பாடி முடித்ததும் நம்மாள் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டு குக்கர் இதைவிட சுருதியா விசில் அடிக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிருந்தாவும் சிரித்தாள். அதோடு சரி, பேச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மகள் சம்யுக்தா வழியாகத்தான். "அப்பா, அம்மா ஸேஸ் யுவர் லஞ்ச் பாக்ஸ் இஸ் ஆன் தி டேபிள்." லஞ்ச் பாக்ஸுக்குள் தயிர்சாதம். ஊறுகாய், அரபிக்காரர் சொல்கிற மாதிரி, மாஃபி; இல்லவே இல்லை.

நாளைக்கு அம்மாவும் மகளும் கோடை விடுமுறைக்குத் திருச்சிக்கு ஃப்ளைட் ஏறுகிறார்கள். அதற்குள் சமாதானம் ஆகாவிட்டால் இரண்டு மாதமும் சம்யுக்தா ஸேஸ்தான்.

நேரில் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவன் வாயைத் திறந்தால் மறுபடி ஒரு ஜோக் விழும் என்று அவனுக்கே பயம். அப்போதுதான் பிருந்தாவின் லேப்டாப் கண்ணில் பட்டது. சாயங்காலமானால் அதில் ஒரு பழைய அட்வென்சர் கேம் ஆடுவாள். கோட்டை வாசலில் ஒரு காவலன். என்ன கொடுத்தாலும் திட்டி அனுப்புவான். அவனிடம்தான் பல வாரமாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

முரளிதரன் இணையத்தில் ஒரு மென்பொருளைப் பிடித்தான். கேமுக்குள் பூட்டிக் கிடக்கும் கட்டளைகளை மனிதர் படிக்கிற மாதிரி பிரித்துக் காட்டுவது. பிரித்ததும் காவலனின் மனசே திரையில் விரிந்தது: வாத்து முட்டை கொடுத்தால் கதவைத் திற, இல்லாவிட்டால் திட்டு. தன் பிருந்தாவின் மனசுக்கும் இப்படி ஒரு மென்பொருள் கிடைத்தால் என்ன விலையும் தரலாம் என்று தோன்றியது.

முட்டை நிபந்தனையை எடுத்தான். வசவு இருந்த இடத்தில் தன் மன்னிப்பை, வாட்ஸப்பில் அடிப்பதுபோல ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தான்: "பிருந்தா, தப்பு என்னோடதுதான். ஆனா, அன்னிக்கு நீயும் சிரிச்ச. மேலும், குக்கரைக் குறை சொல்லல. தவிர, அந்தப் பாட்டை நீ எடுத்த ஸ்தாயி..." கிளெய்ம் பிரிவின் கை. நிற்கவில்லை.

சாயங்காலம் பிருந்தா கேமைத் திறந்தாள். இவன் துணி மடிக்கிற சாக்கில் பின்னால் நின்றான். காவலன் வாய் திறந்தான்.

"பிருந்தா, தப்பு என்னோடதுதான்."

அவ்வளவுதான். கதவு திறந்தது.

மீதி எங்கே? பழைய வசவு எத்தனை எழுத்தோ அத்தனைக்குத்தான் அங்கே இடம். மிஞ்சியதை கேம் வெட்டி எறிந்திருந்தது. மென்பொருளின் குறிப்பில் அதைத் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். பாலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை ஆயுள் முழுக்கத் திட்டியவன், அதைப் படிக்கவில்லை.

"அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான்.

பிருந்தா திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "இன்னும்?"

"ஒண்ணுமில்ல. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"இதுதான் முதல் தடவை. பின்னாடி ஒரு 'ஆனா' ஒட்டாம சொல்லியிருக்கீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். உடனே குரல் மாறியது. "அது சரி, கதவை யாரு தொறக்கச் சொன்னா? எத்தனை வாரமா மண்டையை உடைச்சுக்கிறேன்! நானா கண்டுபிடிக்க வேண்டாமா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு நேராக வந்த வசவு. தேன் மாதிரி இருந்தது.

"சாரி, பழையபடி மாத்திடறேன்."

"மாத்துங்க. அவன் என்ன கேக்கறான்னு மட்டும் உளறினீங்க, தெரியும் சேதி."

வாத்து முட்டை தொண்டை வரை வந்தது. வெட்டுப்பட்ட மன்னிப்போடு சேர்த்து அதையும் விழுங்கினான்.

நிபந்தனையைத் திரும்பப் போட்டுவிட்டு, "மன்னிப்பையும் எடுத்துடவா?" என்று கேட்டான்.

"அது இருக்கட்டும்" என்றாள் பிருந்தா, பெட்டிக்குள் லேப்டாப்பை வைத்தபடி. "ஊர்ல இருந்து தினமும் உங்களோட போன்ல பேசணும்ல. தேவைப்படும்."