நீலத் தண்ணீர்

பம்பு காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பம்புக்காரன் அடித்தளத்துக் கார் நிறுத்தத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழாய் வாயில் அடைத்த குப்பையைக் கையால் பிடுங்கி எறிந்தான். மேட்டுக் குடியிருப்பில் வெள்ளம் வரவில்லை. கார்களுக்காக அவர்களே வெட்டிய பள்ளத்தில்தான் மழைநீர் இறங்கி நின்றது. கார்களை முந்தின நாளே மேலே ஏற்றிவிட்டார்கள். சொந்த ஜெனரேட்டர் இருந்ததால் வீடுகளில் விளக்கு எரிந்தது.

அவன் வீடு கீழே பள்ளத் தெருவில். அங்கே வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். மனைவியின் தையல் மிஷினை இருவருமாகத் தூக்கி மேசை மேல் வைத்து, தைக்க வந்திருந்த பள்ளிச் சீருடைத் துணியையும் பக்கத்தில் அடுக்கிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தான். வீட்டில் பாதிச் சோறு அந்த மிஷின் போட்டது. மாவட்டத்துக்கே இருந்த பெரிய பம்புகள் இரண்டும் மேட்டில் ஓடின. ஒன்றையாவது கீழே அனுப்பச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டிருந்தான். இங்கே வற்றியதும் அடுத்தது உன் தெருதான் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதை நம்பி அவன் பேயாக வேலை செய்தான். டீ குடிக்கக்கூட உட்காரவில்லை. அடிக்கடி அடைக்கிறதென்று குழாய்ச் சல்லடையைக் கழற்றி வீசினான். வேகத்தை முழுதாகத் திறந்துவிட்டான். மூலையில் பெயிண்ட் டப்பாக்கள் கவிழ்ந்து மிதந்தன. கசிந்த நீலம் தண்ணீரெல்லாம் பரவி அவன் சட்டையிலும் ஏறியது. மேலே சாலையோர வாய்க்காலில் ஓஸ் நீலமாகக் கக்கியது. தண்ணீர் தொடைக்கு இறங்கியபோது, தன் வீட்டிலேயே இறங்கியதுபோல அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் மனைவி போன் செய்தாள். காலையில் கொஞ்சம் வடிந்த தண்ணீர் மறுபடி ஏறுகிறதாம்.

"மழையே இல்லையே" என்றான்.

"அதான் எனக்கும் புரியல. ஊருக்கெல்லாம் தண்ணி எறைக்கிற மனுசனோட பொண்டாட்டி, இங்க சொம்பால மொண்டு ஊத்திக்கிட்டிருக்கேன். மேசைக்கு நாலு விரல்தான் பாக்கி. அதுவும் என்னமோ நீலமா வருதுங்க."

அவன் தன் சட்டையில் ஏறியிருந்த நீலத்தைப் பார்த்தான். சரிவில் ஏறிப் போய் பம்பை அணைத்தான்.

சத்தம் நின்றதும் சூப்பர்வைசர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னான். அவர் களைத்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாய்க்கால் அங்கேதான் போகிறது, வேறு வழி யாரும் வெட்டி வைக்கவில்லை, நான் என்ன செய்ய என்றார்.

"நிறுத்தி வச்சா உனக்குத்தான்யா நஷ்டம். இது வத்தினாத்தானே பம்ப கீழ கொண்டுபோக முடியும்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தான் போடாவிட்டால் வேறொருவன் வந்து போடுவான் என்பதும் தெரியும். மனைவியைக் கூப்பிட்டு, மேசைமேல் ஸ்டூல் போட்டு மிஷினை ஏற்றச் சொன்னான். "ஒத்தை ஆளாவா?" என்று கேட்டு அவள் போனை வைத்துவிட்டாள். அவன் பம்பைக் கிளப்பினான்.

சாயங்காலம் அடித்தளம் வற்றியது. தரையில் நீலக் கறை இருக்கிறதென்று, குடியிருப்புச் செயலாளர் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு தடவை கழுவச் சொன்னார். அந்தத் தண்ணீரும் வாய்க்காலுக்குத்தான் போயிற்று.

மறுநாள் பகலில்தான் பம்போடு அவனும் பள்ளத் தெருவுக்கு வந்து சேர்ந்தான். அதற்குள் தண்ணீர் தானாக வடிந்திருந்தது. இறைக்க ஒன்றும் இல்லாததால் பம்பை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

வீட்டுக்குள் சேறு. நாலு சுவரிலும் ஒரே மட்டமாக நீலக்கோடு ஓடியிருந்தது, மேசைக்கு ஒரு சாண் மேலே. மிஷின் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான், அசையவில்லை. மனைவி வெள்ளைச் சீருடைத் துணியை மடியில் போட்டு, சோப்புக்கட்டியால் நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது போயிடுமாங்க?"

"போகாது" என்றான். "வெளிச்சுவத்துக்கு அடிக்கிற பெயிண்டு. எத்தனை மழை பேஞ்சாலும் போகாதுன்னு டப்பாவுல போட்டிருந்துச்சு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.