மீசை வைத்த சக்களத்தி

எனக்கு வாய்த்த சக்களத்திக்குப் பெரிய மீசை உண்டு. மேடைப் பெயர் இடி.

டிக்கெட் போட்டு நடத்தும் குஸ்தியில் அடி வாங்கித் தோற்பதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. யார் ஜெயிப்பது என்று முதலிலேயே பேசி வைத்துவிடுவார்கள். விழுகிற அடி மட்டும் நிஜம். கீழே பலகை, அதன் மேல் பேருக்கு ஒரு மெத்தை. இவரைத் தலைகீழாகத் தூக்கி அதில் போடுகிறவன் இடி. பல வருடமாக இவர் கழுத்து அவன் கையில்தான். என்னிடம் உப்பு போதவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத மனுஷன், அவனிடம் போனில் மணிக்கணக்காகச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலையில் போனில் அவனிடம், "டாக்டர் சொன்னதை என் வீட்ல உளறி வைக்காதே" என்றார். என் காதில் விழுந்துவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறைக்கே போய் அவனைப் பிடித்தேன்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

பூட்ஸ் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தான். "கழுத்தெலும்பு நரம்பை அழுத்துதாம் அண்ணி. இன்னொரு தடவை தலைகுத்தி விழுந்தா கை கால் விளங்காமப் போயிடுமாம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அண்ணனுக்கு முன்னாடியே." தூக்குவதற்கு முன் அவன் இவர் கையை அழுத்துவானாம், தயார் என்று இவர் திருப்பி அழுத்த வேண்டுமாம். "ஒருநாள் இடது கையை அழுத்துறேன், அவருக்கு அழுத்தினதே தெரியல. நான்தான் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் தூங்குகிறேன். எனக்குத் தெரியவில்லை, இவனுக்குத் தெரிந்திருக்கிறது. வயிறு எரிந்தது.

"அப்புறம் எதுக்கு இன்னைக்கும் தூக்குறீங்க?"

"நான் மாட்டேன்னா வேற எவனையாவது தூக்கச் சொல்லுவேங்கறார். அவனுங்களுக்குப் பதமா இறக்கத் தெரியாது. முதலாளிகிட்ட சொன்னா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டார். நீங்க சொல்லுங்க அண்ணி, உங்களை விட்டுட்டு எங்க போயிடப் போறார்? என் பேர் மட்டும் வேண்டாம்." கையெடுத்துக் கும்பிட்டான்.

நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு வியர்த்துவிட்டது. அன்றே இவரை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் பையைத் தூக்கி எறிந்தார். "யாருடி உனக்குச் சொன்னது?"

டாக்டரையே போய்ப் பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது நாக்கு நுனி வரை வந்தது.

"இடிதான்" என்றேன்.

இப்போதெல்லாம் அவன் கூப்பிட்டால் இவர் எடுப்பதில்லை. கழுத்தில் பட்டையோடு நாள் முழுக்க வீட்டில், என் கண் முன்னாலேயே இருக்கிறார். நான் கேட்டதும் இதைத்தானே. நேற்று சாப்பிட உட்கார்ந்தவர் உடைந்துபோனார். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக என் தோளில் சாய்ந்து அழுதார். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அவனா சொன்னான்? அவனாடி சொன்னான்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.