திருமூர்த்தி கட்டிய மதில்

வெஸ்ட் வின்ட்சரில் திருமூர்த்தியின் குடியிருப்புக்குப் பின்னால் வாடகை அப்பார்ட்மென்ட்கள் எழும்பியதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அங்கே குடிவந்தவர்கள் இந்தக் குடியிருப்பின் புல்வெளி வழியாக ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான், நடந்தார்கள். திருமூர்த்தியோ குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். புல்லின் மானம் அவர் கையில் இருந்தது.

அவருடைய மனைவி வான்மதி தினமும் காலையில் அதே புல்வெளியில்தான் நஜீமாவோடு ரயிலுக்கு நடந்தாள். நஜீமா அந்த அப்பார்ட்மென்டில் இருப்பவள். இருவருக்கும் நியூவார்க்கில் வேலை. மனைவி நடப்பது திருமூர்த்தியின் கணக்கில் வாக்கிங். நஜீமா நடப்பது அத்துமீறல்.

கோடை விடுமுறையில் கணவனும் மனைவியும் வேல்ஸுக்குப் போனார்கள். அங்கே கவ்பிரிட்ஜ் என்ற சின்னச் சந்தை ஊரில் பழைய கோட்டை மதிலின் மிச்சம் நிற்கிறது. அதன் முன்னால் நின்று திருமூர்த்தி எடுத்துக்கொண்ட செல்ஃபிகளில், எதையோ கண்டுபிடித்துவிட்டவனின் முகம் இருந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு சனிக்கிழமை தமிழ்க் குடும்பங்களை வீட்டுக்கு அழைத்தார். வான்மதி நஜீமாவையும் கூப்பிட்டிருந்தாள். பேஸ்மென்டில் பஜ்ஜித் தட்டுகள் சுற்றிவர, பெரிய திரையில் மதில் வந்தது.

"எழுநூறு வருஷம்! இன்னும் ஸ்ட்ராங்கா நிக்குது பாருங்க. யாரை உள்ள விடணும்னு அந்த ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம பௌண்டரிக்கும் இப்படி ஒரு மதில் வேணும்."

"கரெக்ட் சார்," என்றார் நாகரத்தினம். எதிர்வீட்டுக்காரர். திருமூர்த்தி தும்மினாலும் கரெக்ட் என்பவர். "கண்டவங்க எல்லாம் நம்ம ப்ராபர்ட்டிய க்ராஸ் பண்றாங்க."

அப்போதுதான் திருமூர்த்தியின் கண் நஜீமா மேல் பட்டது. "நீங்க தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களச் சொல்லல. நீங்க எஜுகேட்டட் ஃபேமிலி. மத்தவங்கதான்…"

நஜீமா தட்டைக் கீழே வைத்தாள். "மத்தவங்கன்னா யாரு அண்ணே? என் பக்கத்து வீட்டுல ஒரு நர்ஸ் இருக்காங்க. மாடியில ஸ்கூல் டீச்சர். இதுல யாரு வரக்கூடாது?"

அவர் அசட்டுச் சிரிப்போடு அடுத்த படத்துக்குத் தாவினார்.

"கைடு சொன்னதையும் சொல்லுங்க," என்றாள் வான்மதி.

"என்ன சொன்னாரு?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் கார்ல உக்காந்து ஆபீஸ் கால் பேசிட்டிருந்தீங்களே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வான்மதி எழுந்து நின்றாள்.

"அங்க மெயின் ரோட்டுல முன்னாடி வேற ரெண்டு வாசல் இருந்துச்சு. வண்டி போக இடைஞ்சலா இருக்குன்னு அந்த ஊர்க்காரங்களே இடிச்சுட்டாங்க. இப்ப மிச்சம் ஒரு பக்கத்துச் சுவரும் ஒரே ஒரு வாசலும்தான். அந்த வாசல்ல யாரும் யாரையும் நிறுத்துறதில்ல. நான் நின்ன நேரத்துல ஒரு நாய் அதுபாட்டுக்கு உள்ள போச்சு. இவர் சொல்ற மாதிரி சுவர் ஊரைக் காப்பாத்தல. இப்ப ஊர்தான் அந்தச் சுவரு விழாம பாத்துக்குது."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை பஜ்ஜி எடுத்தார்கள். அடுத்த வாரம் கிளப்ஹவுஸில் வாக்கெடுப்பு நடந்தபோது, உரக்கச் சிரித்தவர்கள்தான் மதிலுக்கு முதலில் கை தூக்கினார்கள். எதிர்த்து எழுந்த சில கைகளில் வான்மதியுடையதும் இருந்தது.

"வான்மதி, கைய இறக்கு," என்றார் திருமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு.

"எண்ணிட்டீங்களா? அப்புறம் இறக்குறேன்."

கல்மதில் வைத்தால் மழைத்தண்ணீர் வடியாது என்று காண்ட்ராக்டர் கைவிரித்துவிட்டார். வந்தது வெள்ளை பிளாஸ்டிக் வேலி. பெரிய காற்றடித்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடும் போலிருந்தது. அதில் ஒரு கதவு, எந்தப் பக்கமிருந்து திறக்கவும் ரகசிய எண். அது குடியிருப்புக்காரர்களுக்கு மட்டும். கதவின் முன் நின்று திருமூர்த்தி படம் எடுத்துக்கொண்டபோது, படத்தில் நிற்க வான்மதி மறுத்துவிட்டாள். நஜீமா காரில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வான்மதியும் அவளோடு போவதற்காகச் சுற்றினாள்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. அப்பார்ட்மென்டில் குழந்தைகள் அதிகம் என்பதால் ஸ்கூல் பஸ் இனி அந்தப் பக்கம் மட்டும்தான் நிற்கும் என்று அறிவிப்பு வந்தது. மதிலுக்குக் கை தூக்கியவர்களின் பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு வேலியருகே கூடினார்கள். குட்டிகளுக்கு எண் நினைவில் நிற்கவில்லை, நினைவிருந்தவர்களுக்குப் பொத்தான் எட்டவில்லை. பஸ் போய்விட்டது. அம்மாக்கள் தலைவரை ஃபோனில் பிடித்தார்கள். நாகரத்தினம்கூட, "என்ன சார் இது, யோசிக்காம செஞ்சுட்டீங்களே," என்றார்.

மறுநாளிலிருந்து திருமூர்த்தி காலையில் வேலிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், பஸ் போகும்வரை. திறந்த கதவு வழியாக அந்தப் பக்கத்தவர்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார்கள். நர்ஸ் அவரைக் காவலாள் என்று நினைத்து நன்றி சொன்னாள். பிள்ளைகளின் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரும் புன்னகைக்க வேண்டியிருந்தது.

நஜீமா வந்தாள். "வர்றேன் அண்ணே."

"வாங்க, வாங்க," என்று அவர் ஒதுங்கினார்.

புல்வெளியில் காத்திருந்த வான்மதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "சீக்கிரம் வா, ட்ரெய்ன் போயிடும்," என்று நஜீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.