மூன்று எழுத்துக்கு ஒரு விளக்கம்

சேரம்பாடி எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பரா என்றால், தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே ஆயாவாக இருக்கிற ராஜகுமாரிக்கு அன்றைக்கு உடம்பை முறித்துப் போட்ட மாதிரி இருந்தது. காலை ஆறரைக்கு வந்தவள், பதினொரு பிள்ளைகளைக் கழுவி, ஊட்டி, தூங்கவைத்து நிமிர்ந்தபோது மணி ஒன்றரை. இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம். ஆனாலும் ஃபோனை எடுத்தாள். ஒரு வேலை பாக்கி இருந்தது.

என்ன பெரிய வேலை? தெரிந்ததைத் தெரியாத மாதிரி கேட்கிற வேலைதான்.

மகள் வாசுகிக்குக் கோயம்புத்தூரில் கம்பெனி உத்தியோகம். கூப்பிட்டால், "சாப்பிட்டியாம்மா, அங்க மழையா, சரி வெக்கறேன்." ஒரு நிமிஷம் தாண்டாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே தினமும் வருகிற ஒரு குறுக்கெழுத்துப் புதிரை ஃபோனில் அனுப்பி, "பொழுது போகலைன்னா போட்டுப் பாரு" என்றாள். ராஜகுமாரி போட்டாள், அரைமணியில் முடித்தாள். சும்மா பேச்சுக்கு, "இது எப்படி வந்துச்சு பாப்பா?" என்று ஒன்றைக் கேட்டு வைத்தாள். அடேயப்பா! மகள் ஒன்பது நிமிஷம் பேசினாள். அன்றிலிருந்து தினமும் ராஜகுமாரிக்கு ஒரு குறிப்பு விளங்காமல் போனது.

'கலைக்குள் வந்தவன் தலை நீட்டினால் வருத்தம்' என்று இருக்கும். பார்த்த மாத்திரத்தில் விடையை எழுதிவிட்டு, "புரியலையே" என்று அனுப்புவாள். "வந்தவனோட தலை 'வ'. அதக் கலைக்கு நடுவுல வை. கவலை வந்துருச்சா? வருத்தம்னா கவலைதானே" என்று குரல் பதிவு வரும். அதை இரண்டு தரம் போட்டுக் கேட்பாள். போகப் போகப் பதிவுகள் சுருங்கின. ஒன்பது நிமிஷம் நாலாச்சு, நாலு அரை நிமிஷமாச்சு. அதுவும் போதும் என்றுதான் இருந்தாள்.

இன்றைக்கு, 'பகைக்குள் லட்டின் தலை விழுந்தால் உட்கார இடம்'. "பலகைன்னு வருது. எப்படின்னு சொல்லேன்" என்று அனுப்பினாள். குரல் வரவில்லை, ஒரு லிங்க் வந்தது. "எல்லா விளக்கமும் தினம் இதுல போடறாங்க. இனி இதுலயே பார்த்துக்கம்மா."

இனி எதைச் சொல்லிக் கேட்பது? ஆபீஸ் நேரம் என்றும் பாராமல் கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மா, இதையே நூறு வாட்டி சொல்லிட்டேன்" என்றாள் வாசுகி. "தலைன்னா மொதல் எழுத்து. உள்ளேன்னா நடுவுல வை. ஒனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது. எனக்கும் அலுத்துப் போச்சும்மா."

ராஜகுமாரிக்குச் சுருக்கென்று வந்தது கோபம்.

"யாருக்குடி ஏறல? பகைக்கு நடுவுல 'ல' போட்டா பலகை. அடுத்த குறிப்புல மாலா திரும்பினா திபெத்துத் துறவின்னான், லாமா. வாலறுந்த குதிரை, துள்ளுன்னான், ரையை வெட்டினா குதி. இன்னைக்கு மொத்தம் பதினெட்டு. காலையில பால் காயறதுக்குள்ள முடிச்சுட்டேன், தெரியுமா?"

பாயில் ஒரு பிள்ளை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா தெனமும் என்னக் கேட்ட?"

வந்த கோபம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. இனி நடிக்கவும் தெம்பில்லை.

"கேட்டாத்தானே நீ பேசற?"

வாசுகி ஃபோனை வைக்கவில்லை. யாரோ அவளை மீட்டிங்குக்குக் கூப்பிடுவது கேட்டது.

"நீங்க போங்க" என்று அவர்களிடம் சொன்னாள். "எங்கம்மா பேசிட்டிருக்காங்க."