சுமி இல்லாத பக்கங்கள்

சம்பந்தியம்மா வள்ளிநாயகி கெட்ட எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பழி அந்த அம்மாள் தலையில் போய் விழும். கேலாங் சிவன் கோயிலில் முகூர்த்தத்துக்கு நாள் பதிந்துவிட்டு இரண்டு வீட்டாரும் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் மயூரன் பிறந்ததும் தான் வேலையை விட்டுவிட்டதாகவும், பிள்ளையை ஒருநாள்கூடப் பணிப்பெண் கையில் விட்டதில்லை என்றும் வள்ளிநாயகி பேச்சுவாக்கில் சொன்னார். அவனுடைய சின்ன வயதுப் படங்களை அழகாக வெட்டி ஒட்டி ஒரு பெரிய புத்தகமே செய்திருக்கிறாராம். வரவேற்பன்று மண்டப வாசலில் மேசை போட்டு வைக்கப் போகிறாராம். ரோஷினிக்கும் ஒன்று செய்யுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நன்றாக இருக்கும் என்றார்.

அதற்கென்ன, செய்துவிட்டால் போயிற்று என்று ரோஷினியின் அம்மா சிவகாமசுந்தரி சிரித்தாள். வாய்தான் சிரித்தது. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் படப்பெட்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். சுமி உட்கார்ந்திருந்தாள்.

முழுப்பெயர் சுமியாத்தி. ஜாவா பக்கத்துப் பெண். ரோஷினி கைக்குழந்தையாக இருந்தபோது வேலைக்கு வந்தவள். கணவர் சேதுபதிக்கு நிலையான வேலை இல்லாத காலம் அது, டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு பார்த்த சிவகாமசுந்தரியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். அவள் வேலைக்குப் போனதைக் குற்றம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும். ஆனால் குழந்தைக்குக் கணக்கும் கப்பலும் தெரியுமா? அதற்குத் தெரிந்தது ஓர் இடுப்பு. அது சுமியின் இடுப்பு.

ஒருநாள் சிவகாமசுந்தரி அதிசயமாக வெளிச்சத்தோடு வீடு திரும்பினாள். வாடி கண்ணு என்று கையை நீட்டினாள். நாலு வயதுப் பிள்ளை சுமியின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெற்றவளுக்கு அது பொறுக்கவில்லை. சுமியின் வேலை பர்மிட் முடிந்தபோது அதைப் புதுப்பிக்காமல் விட்டாள். ஒரு தப்பும் செய்யாத பெண்ணுக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தாள். ரோஷினி கேட்டுக் கேட்டு அழுது காய்ச்சலில் விழுந்தாள். இனி இந்த வீட்டில் அந்தப் பெயரை எடுக்கக் கூடாது என்று சிவகாமசுந்தரி சொல்லிவிட்டாள். சேதுபதி சண்டைக்குப் பயந்த மனிதர், எடுக்கவில்லை. பிள்ளையும் மெல்ல மெல்ல மறந்தது. அந்த வயதில் மறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

படங்கள் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் சேதுபதி கேமராவை எடுப்பார். வாரம் முழுக்க ஓடிய களைப்பில் சிவகாமசுந்தரி அப்போது படுத்திருப்பாள், அல்லது சமைத்துக்கொண்டிருப்பாள். ஆகவே பெட்டியில் இருந்த படங்களில் எல்லாம் குழந்தை சுமியின் மடியில், சுமியின் தோளில், சுமியின் கையில். கடற்கரையானாலும் சுமி, பிறந்தநாள் கேக்கானாலும் சுமி. சிவகாமசுந்தரி இருக்கும் படங்கள் கைவிரலில் அடங்கும். அவற்றிலும் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பட்டுச்சேலையில் தனியாக நின்றாள்.

வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் படப்புத்தகம் செய்வதற்கு ஒரு வகுப்பு நடந்தது. காகிதத்தில் ஒட்டும் முறை, கம்ப்யூட்டரில் அடுக்கும் முறை இரண்டையும் ஷபானா என்ற இளம்பெண் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பக்கத்தைத் திறந்ததும் கண் முதலில் எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள், அந்தப் படத்தைப் பெரிதாக வையுங்கள், மற்றதெல்லாம் அதற்குத் துணை என்பாள். சிவகாமசுந்தரி படங்களைக் கைப்பேசியில் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எப்படி அடுக்கினாலும் கண் சுமியின் மேல்தான் விழுந்தது. குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்க்கிறவர் கண் வேறு எங்கே போகும்?

ஷபானா இன்னொரு வித்தையும் கற்றுக்கொடுத்திருந்தாள். பின்னால் தெரியும் குப்பைத்தொட்டி, குறுக்கே வந்த வழிப்போக்கர், படத்தில் எது வேண்டாமோ அதன்மேல் தேய்த்தால் போதும். அது மறைந்துவிடும், அந்த இடத்தைப் புல்லோ சுவரோ தானாக வந்து நிரப்பிவிடும். வகுப்பில் எல்லாரும் குப்பைத்தொட்டியை அழித்தார்கள். சிவகாமசுந்தரி வீட்டுக்கு வந்து சுமியை அழித்தாள். ஒரு சத்தமும் போடாமல் போனாள் சுமி, அன்றைக்குப் போனதைப் போலவே.

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மடி போனதும் ரோஷினி புல்வெளிக்கு ஒரு முழம் மேலே, எதையும் பிடிக்காமல், காற்றில் உட்கார்ந்திருந்தாள். சாமிப் படத்தில் மேகத்தின் மேல் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். சிவகாமசுந்தரி சற்று நேரம் யோசித்தாள். பிறகு கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து தன்னையே ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து, சுமி இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிள்ளை அவள் கையில் வந்து உட்கார்ந்தது. அன்று வராத பிள்ளை இன்று வந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அடுத்த படத்தை எடுத்தாள்.

சேதுபதி எட்டிப் பார்த்துவிட்டு, நாலு வருஷமும் ஒரே நீலச் சேலையைத்தான் கட்டியிருந்தாயா என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். அவள் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டு சேலைக்குப் பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று நிறம் மாற்றினாள். மனிதருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"இருந்ததை ஒட்டினா அது ஆல்பம். இல்லாததை ஒட்டினா சினிமா போஸ்டர் லா," என்றார்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சம்பந்தி வீட்டுக்கு முன்னால் நான் தலைகுனிய வேண்டுமா என்று அவள் சீறினாள். அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவர் குரலை உயர்த்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. சில வீடுகளில் அமைதிதான் பெரிய அநியாயம் செய்கிறது.

கம்ப்யூட்டரில் செய்தது மண்டபத்துத் திரையில் ஓடுவதற்கு. வாசல் மேசைக்கு, சம்பந்தியம்மாள் செய்ததைப்போலக் காகிதத்தில் ஒன்று வேண்டுமல்லவா? தேக்கா கடைத்தெருப் பக்கம் போய் லேஸ், ஜரிகை நாடா, கெட்டிக் காகிதம், பஞ்சு வைத்த இருபக்க டேப் எல்லாம் வாங்கி வந்தாள். அசல் படங்களையே சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். சின்னக் கத்தரிக்கோல், படிக்கிற கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. சுமியின் கொண்டையைச் சுற்றி, காதைச் சுற்றி, தோளைச் சுற்றிக் கத்தரி போயிற்று. குழந்தையின் மேல் ஒரு கீறல் விழாமல் சுமியை மட்டும் பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. வாரக்கணக்கில் அந்த முகத்தோடேயே உட்கார்ந்திருந்தாள். அந்த இடங்களில் தன் உருவத்தை அச்செடுத்து வைத்து, டேப்பால் சற்று மேடாக ஒட்டினாள். வெட்டிய துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டாள். அது பல மாடி உரசிக்கொண்டு கீழே போகும் சத்தம் சமையலறையில் கேட்டது.

கம்ப்யூட்டரில் பழைய படமும் புதுப் படமும் இரண்டிரண்டாக இருந்தால் தவறிப்போய்ப் பழையது திரையில் ஏறிவிடுமே என்று பயம் வந்தது. பழையதை எல்லாம் கைப்பேசியிலிருந்தும் சேர்த்து நீக்கிவிட்டாள். பிலிம் சுருள்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோதே எங்கேயோ தொலைந்திருந்தன. வேலை சுத்தமாக முடிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோஷினி தையற்கடைக்குப் போய் ரவிக்கைகளை வாங்கிக்கொண்டு வந்தாள். புத்தகம் மேசைமேல் இருந்தது. யார் செய்தது, நீங்களா என்று வியந்துகொண்டே உட்கார்ந்தாள். சிவகாமசுந்தரி எதிரே பயற்றங்காய் நறுக்குவதுபோல் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பக்கங்களில் ரோஷினி சிரித்தாள். தன் கொழுகொழுக் கன்னத்தைப் பார்த்து ஏதோ கேலி பேசினாள். போகப் போகப் பக்கம் திருப்புவது மெதுவாயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிப் பக்கம் வந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சின்ன வயசுல நீங்க என்கூட இல்லவே இல்லன்னு எனக்குள்ள ஒரு கோவம் இருந்துச்சு. மயூரன் அம்மா பேசறப்பல்லாம் அவன்மேல பொறாமையா இருக்கும். இதுல பாத்தா எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. ஐ வாஸ் ஸோ ராங், அம்மா."

எதற்காகச் சிவகாமசுந்தரி வாரக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டாளோ அது கிடைத்துவிட்டது. உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. சம்பந்தியாவது மண்டபமாவது, இதற்காகத்தான் செய்தோம் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பேச்சு அதோடு நின்றிருந்தால் அவள் நிம்மதியாகச் செத்துப்போயிருப்பாள். ரோஷினி நிறுத்தவில்லை.

"எனக்கு ஒரு ஞாபகம் இருக்கு, கனவுன்னே நெனச்சிருந்தேன். யாரோ என் பாதத்துல தைலம் தேச்சுக்கிட்டே மெல்லப் பாடுவாங்க. வார்த்தை புரியாது. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக் கன்னத்துல முத்தம் குடுப்பாங்க. குடுக்கறதுகூட இல்ல, மோந்து பாப்பாங்க. அவ்வளவு வேலை செஞ்சுட்டு வந்தும் நீங்க அதெல்லாம் செஞ்சிருக்கீங்க, இல்ல?"

கன்னத்தை முகர்ந்து முத்தமிடுவது சுமியின் ஊர்ப் பழக்கம். கூடத்தில் சேதுபதியின் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அவர் மனைவியைப் பார்த்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் படமாகச் சிவகாமசுந்தரி வெட்டியெடுத்தாளே, அந்தப் படங்களில் குழந்தை நிமிர்ந்து சுமியைப் பார்த்த பார்வை; அதே பார்வை இப்போது தன்மேல் விழுந்திருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறை. அதற்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறாள். ஆனாலும் அவளால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒருத்தியின் முகத்தை எடுத்துக்கொண்டபோது கூசாத மனசு, அவள் கொடுத்த முத்தத்தை எடுத்துக்கொள்ளும்போது கூசியது.

"அது நான் இல்லம்மா," என்றாள். "சுமி."

ரோஷினிக்குப் புரியவில்லை. பிறகு சிவகாமசுந்தரி எல்லாவற்றையும் சொன்னாள். சுமி வந்தது, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது, பர்மிட், காய்ச்சல், கம்ப்யூட்டர், கத்தரிக்கோல். அழாமல் சொல்ல வேண்டும் என்று பார்த்தாள், முடியவில்லை. ரோஷினி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"படம் காட்டுங்க."

சிவகாமசுந்தரி கையில் இருந்த பயற்றங்காயைப் பார்த்தாள். சேதுபதி எழுந்துபோய் இழுப்பறைகளை உருட்டினார், பழைய பர்ஸ்களைத் திறந்து பார்த்தார், அலமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கிக் கவிழ்த்தார். காலி உறைகள் விழுந்தன. ஊர் பெயராவது தெரியுமா என்று ரோஷினி கேட்டாள். தெரியவில்லை. ஆள் பிடித்துக் கொடுத்த முகவர் கடையும் எப்போதோ மூடிப்போயிருந்தது.

"ஒண்ணுகூட இல்லையா?"

"வெட்டிட்டேன்," என்றாள் சிவகாமசுந்தரி. "எல்லாத்தையும்."

 ரோஷினி நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோபமில்லாத, களைத்துப்போன குரலில், அப்படியென்றால் அவங்க எப்படி இருப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்கம்மா என்றாள்.

சிவகாமசுந்தரி சொன்னாள். கேட்டவர் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு துல்லியமாகச் சொன்னாள். அகலமான நெற்றி. இடது புருவம் வலது புருவத்தைவிடக் கொஞ்சம் மேலே. மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் எள்ளளவு மச்சம். சிரித்தால் ஒரு முன்பல் மற்றதன்மேல் ஏறி நிற்கும். காது மடல் சின்னது, அதில் ஒரு பித்தளை வளையம். தாடையில் பழைய வடு. அந்த முகத்தின் ஓரம் ஒவ்வொன்றிலும் கத்தரியோடு போய்வந்தவள் அவள். பெற்ற தாய்கூடச் சுமியை அப்படி அறிந்திருக்க மாட்டாள்.

ரோஷினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னாள். சிவகாமசுந்தரி நெற்றியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். மகளின் மூடிய இமைகளுக்குள் கருவிழி அங்கும் இங்கும் தேடுவது வெளியே தெரிந்தது.

கடைசியில் ரோஷினி கண்ணைத் திறந்தாள்.

"வரலம்மா," என்றாள். "பாதத்துல கை தெரியுது, தைலம் வாசனை தெரியுது. முகத்துக்குப் போனா உங்க முகந்தான் வருது."